துளையிட்ட தாளிலிருந்து சுவருக்கு: மறுமலர்ச்சிக் காலத் தேவாலய ஓவிய முறையில் ஓர் அலங்காரப் பட்டையை வரைவது எப்படி

இத்தாலியின் மறுமலர்ச்சிக் காலத் தேவாலயங்களுக்குள் நுழைபவரின் கண் முதலில் புனிதர்களின் முகங்களைத்தான் தேடுகிறது. அந்த முகங்களைச் சுற்றியுள்ள பூவேலைப் பட்டைகளும், கன்னி மரியாளின் பின்னால் விரியும் சரிகைத் துணியும், சுவரின் அடிப்பகுதியில் பளிங்குபோலத் தீட்டப்பட்ட கட்டங்களும் வெறும் சட்டமாகக் கருதப்பட்டுக் கடந்து போகப்படுகின்றன. என் அனுபவத்தில், ஒரு சுவரோவியம் எப்படி உருவானது என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது அந்தச் சட்டம்தான். பூத்தையல்காரர், பட்டு நெசவாளர், மரப்பதிப்பு வேலைக்காரர், பொற்கொல்லர், கல் இழைப்பவர் ஆகிய அனைவரின் கையும் ஓவியரின் கையோடு சேர்ந்த இடம் அது. அவர்கள் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்திய ஒரு கருவி, ஊசியால் துளையிட்ட ஒரு தாள்.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைக் காட்டிலும் ஒருமுறை செய்து பார்த்துப் புரிந்துகொள்வது எளிது. ஆகவே இந்த வழிகாட்டி, முப்பது சென்டிமீட்டர் சதுரமான ஒரு சுட்ட மண் ஓட்டின்மேல், ஃபிரெஸ்கோ என்னும் ஈரச் சாந்து ஓவிய முறையில் ஒரு சிறு அலங்காரத்தைச் செய்து முடிக்கும் வழியைச் சொல்கிறது. மேற்பகுதியில் மாதுளை வடிவப் பட்டுத்துணி, அதன்கீழ் ஒரு மெல்லிய கோடு, அடியில் பளிங்குப் பட்டை, இறுதியில் சிறிதளவு தங்கம் என்பதே திட்டம். ஒவ்வொரு படியிலும் அது எந்தக் கைத்தொழிலிலிருந்து வந்தது, எந்தச் சுவரில் அதைப் பார்க்கலாம் என்பதையும் உடன் சொல்லிக்கொண்டு போகிறேன்.

எந்தச் சுவரைப் பார்த்து வடிவம் எடுப்பது

வடிவத்தைத் தேர்வதற்கு மூன்று சுவர்களைப் பரிந்துரைப்பேன். முதலாவது, மோன்தெர்க்கி என்ற சிற்றூரில் பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்த, கருவுற்ற மரியாளின் ஓவியம். அதில் இரண்டு வானதூதர்கள் ஒரு கூடாரத்தின் திரையை இருபுறமும் விலக்கிப் பிடித்திருக்கிறார்கள். கூடாரத்தின் வெளிப்புறம் முழுவதும் மாதுளை வடிவம் நெய்த பட்டுத்துணி. உட்புறம் முழுவதும் கட்டம் கட்டமாகத் தைத்த மென்மயிர்த் தோல். அந்த வானதூதர்கள் இருவரையும் சற்று நேரம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் மற்றவரின் கண்ணாடி பிம்பம். ஒரே துளைத்தாளைத் திருப்பிப் போட்டு இருவரையும் சுவரில் பதித்திருக்கிறார் பியெரோ. உடை நிறங்களை மட்டும் மாற்றியிருக்கிறார். துணியில் ஒரு பூவைத் திருப்பிப் போட்டு இருபுறமும் சமமாக அமைக்கும் அதே உத்தியை அவர் மனித உருவத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

இரண்டாவது, ஃபுளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் தொமேனிக்கோ கிர்லாந்தாயோவும் அவருடைய பட்டறையினரும் 1485 முதல் 1490 வரை வரைந்த தோர்னபுவோனி சிற்றாலயம். அங்குள்ள மரியாளின் பிறப்புக் காட்சியில், குழந்தையைப் பார்க்க வரும் இளம்பெண்ணின் ஆடையில் உள்ள சரிகை வேலை ஒரு நெசவாளர் மாதிரியாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நுணுக்கமானது. அதைவிட முக்கியமானது அவளுக்குப் பின்னால் உள்ள சுவர். அந்த அறை முழுவதும் பல நிற மரத்துண்டுகளைப் பதித்துச் செய்த பலகைச் சுவராக வரையப்பட்டிருக்கிறது. அந்தப் பலகையிலேயே ஓவியர் தம் குடும்பப் பெயரையும் பதிப்பு எழுத்துகளாகத் தீட்டியிருக்கிறார். இதே சிற்றாலயத்தின் கண்ணாடிச் சாளரங்களுக்கு வடிவம் கொடுத்தவரும் கிர்லாந்தாயோதான்; அங்கே நிற்கும் மர இருக்கைகளைச் செய்தவர் பாச்சோ தாஞோலோ. ஆக, அந்த ஒரே இடத்தில் சுவர், கண்ணாடி, மரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்கின்றன. கிர்லாந்தாயோவின் தந்தை, இளம்பெண்கள் தலையில் சூடும் மாலை அணிகளைச் செய்த பொற்கொல்லர் என்றும், அதனாலேயே அந்தப் பெயர் வந்தது என்றும், ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி குறிப்பிடுகிறார்.

மூன்றாவது, வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயம். எல்லோரும் மேற்கூரையைப் பார்க்கும் அந்த இடத்தில் நீங்கள் கீழ்ச்சுவரைப் பாருங்கள். 1481–82 ஆண்டுகளில் பெருஜீனோ, பொத்திச்செல்லி, கிர்லாந்தாயோ, கோசிமோ ரொசெல்லி ஆகியோர் நடுச்சுவரில் வரைந்த காட்சிகளுக்குக் கீழே, தங்க நிறத்திலும் வெள்ளி நிறத்திலும் தொங்கும் திரைச்சீலைகள் வரையப்பட்டுள்ளன. நான்காம் சிக்ஸ்துஸ் திருத்தந்தையின் ஓக் மரச் சின்னம் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் பத்தாம் லியோ திருத்தந்தை அந்த வரைந்த திரைகளுக்கு முன்னால் உண்மையான திரைகளையே தொங்கவிட விரும்பினார். அவற்றுக்கான முழு அளவு வண்ணப்படங்களை 1515–16இல் ரஃபேல் தீட்டினார். நெசவு பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்தது. நெசவாளர்கள் அந்தப் படங்களை நீள நீளப் பட்டைகளாக வெட்டித் தறியில் வைத்துப் பார்த்து நெய்தார்கள். துணியின் பின்பக்கத்திலிருந்து நெய்யப்படுவதால் படம் இடவலம் மாறிவிடும் என்பதை அறிந்தே ரஃபேல் அவற்றை இடவலம் மாற்றியே வரைந்திருந்தார். அவற்றில் ஏழு இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன.

இந்த மூன்றில் முதல் முயற்சிக்கு ஏற்றது மோன்தெர்க்கியின் மாதுளை. காரணம், அந்த வடிவம் பெரியது, தெளிவானது, ஒரே அலகு திரும்பத் திரும்ப வருவது.

தாளை வரைந்து துளையிடுதல்

கெட்டியான, ஆனால் ஒளி ஊடுருவும் வரைதாள் ஒன்றை எடுத்து, பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு செவ்வகம் வரைந்துகொள்ளுங்கள். அதை நெடுக்குவாட்டில் சரிபாதியாக மடித்து, ஒரு பாதியில் மட்டும் வடிவத்தை வரையுங்கள்: நடுவில் பாதி மாதுளை, அதைச் சூழ்ந்து வளைந்து மேலே கூராக முடியும் ஓர் இலை, வெளியே அலைபோல வளையும் ஒரு தண்டு. மடித்த நிலையிலேயே இரண்டு அடுக்கையும் சேர்த்து ஊசியால் துளையிட்டால், விரிக்கும்போது மறுபாதி தானாகவே கிடைத்துவிடும். இருபுறமும் துல்லியமாகப் பொருந்தும் பூ வடிவங்களைக் கையால் வரைந்து அடைய முடியாது.

துளைகளுக்கு இடையே இரண்டு மில்லிமீட்டர் தூரம் போதும். வளைவுகளில் நெருக்கமாகவும் நேர்க்கோட்டில் தள்ளியும் வையுங்கள். தாளுக்கு அடியில் மடித்த கம்பளித் துணி ஒன்றை வைத்துக்கொண்டால் ஊசி ஒரே ஆழத்துக்கு இறங்கும். 1400ஆம் ஆண்டை ஒட்டி ஓவியக் கைநூல் எழுதிய சென்னீனோ சென்னீனியும் தாளின்கீழ் துணி வைக்கும்படிதான் சொல்கிறார். துளையிட்டபின் தாளின் பின்புறம் சிறு பிசிறுகள் எழுந்து நிற்கும். அவற்றை மென்மையான உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். தேய்க்காவிட்டால் பொடி இறங்காமல் துளை அடைத்துக்கொள்ளும். நான் முதன்முதலில் செய்தபோது இதைத் தவிர்த்தேன், பாதி மாதுளை மட்டுமே சுவரில் விழுந்தது.

ஸ்போல்வெரோ எனப்படும் இந்தப் பொடி பதிக்கும் முறை, சுவரோவியத்தில் முதலில் மனித உருவங்களுக்காக வரவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் அது பெரும்பாலும் ஓரப் பட்டைகளுக்கும் திரும்பத் திரும்ப வரும் அலங்காரங்களுக்கும் மட்டுமே பயன்பட்டது. உருவங்களை ஓவியர்கள் முதற்பூச்சின்மேல் சினோப்பியா என்ற செங்காவியால் நேரடியாக வரைந்துகொண்டார்கள். பிசா நகரின் கம்போசாந்தோ என்ற கல்லறை வளாகத்தில் 1944 ஜூலை 27 அன்று ஏற்பட்ட தீயில் ஈயக் கூரை உருகி ஓவியங்களைச் சிதைத்தபின், எஞ்சிய வண்ணப் பூச்சைப் பெயர்த்தெடுத்தபோது அடியிலிருந்து வெளிப்பட்ட காவிக் கோடுகள் அப்படிப்பட்டவை. இன்று அவற்றுக்கென்றே அந்நகரில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில்தான் துளைத்தாள் ஓரப் பட்டையிலிருந்து நடுக்காட்சிக்கு நகர்ந்தது. அரெத்சோ நகரின் சான் ஃபிரான்செஸ்கோ தேவாலயத்தில் பியெரோ வரைந்த முகங்களின் விளிம்பில் அந்தக் கரும்புள்ளிகளை இன்றும் காணலாம். அலங்காரக்காரரின் கருவியை உருவம் வரைபவர் கடன் வாங்கினார் என்பதை நான் இந்த வழிகாட்டியின் மையச் செய்தியாகவே கருதுகிறேன்.

பூத்தையல்காரர்களும் இதே தாளைத்தான் துணியின்மேல் விரித்துப் பொடி தட்டினார்கள். அந்தோனியோ போல்லையுவோலோ என்ற பொற்கொல்லரும் ஓவியருமானவர், ஃபுளோரன்ஸ் திருமுழுக்கு ஆலயத்தின் திருவுடைகளுக்காக 1466 முதல் புனித யோவானின் வாழ்க்கைக் காட்சிகளை வரைந்து கொடுத்தார். அவற்றைத் தையல் கலைஞர்கள் பல ஆண்டுகள் உழைத்துப் பொன்னிழையிலும் பட்டிழையிலும் நிறைவேற்றினார்கள். ஃபுளோரன்ஸ் பேராலய அருங்காட்சியகத்தில் அந்தத் தையல் படங்களின் முன் நிற்பவருக்கு, தூண்களும் தரைக் கட்டங்களும் தொலைநோக்குக் கோடுகளும் அச்சாக ஒரு சுவரோவியத்தைப் போலவே தோன்றும்.

பொடிப் பொட்டலங்கள் இரண்டு கட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய பருத்தித் துணியில் இடித்த மரக்கரித் தூளை முடிந்தது ஒன்று. சுண்ணக்கட்டித் தூளை முடிந்தது மற்றொன்று. வெளிர் நிலத்துக்குக் கரி, அடர் நிலத்துக்கு வெள்ளை என்பது சென்னீனியின் விதி. அவர் வெள்ளைக்கு ஈய வெள்ளைத் தூளைச் சொல்கிறார். அது நஞ்சு, நாம் அதைத் தொட வேண்டாம்.

சுண்ணாம்பும் மணலும்

இந்த முறையின் இரகசியம் முழுவதும் சுண்ணாம்பில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, தண்ணீரில் நீற்றி, காற்றுப் புகாமல் தண்ணீருக்கடியில் பல மாதங்கள் ஊறவைத்தால் வெண்ணெய் போன்ற களி கிடைக்கும். அதை மணலோடு கலந்து பூசும்போது, காற்றிலுள்ள கரியமில வாயுவை அது மெல்ல மெல்ல உள்ளே இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. மாறும்போது மேற்பரப்பில் ஒரு பளிங்குப் படலம் உருவாகி, தண்ணீரில் மட்டும் குழைத்துப் பூசிய வண்ணத்தை உள்ளே பூட்டிக்கொள்கிறது. பசையோ எண்ணெயோ தேவையில்லை. வண்ணம் சுவரின்மேல் ஒட்டியிருப்பதில்லை, சுவராகவே ஆகிவிடுகிறது.

ஊறவைத்த சுண்ணாம்புக் களி கடைகளில் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் ஊறியதாகப் பார்த்து வாங்குங்கள். சிமென்ட் கலந்த எதையும் பயன்படுத்தாதீர்கள், அதிலுள்ள உப்புகள் பின்னால் வெண்பூவாகப் பூத்து ஓவியத்தைக் கெடுக்கும். சுண்ணாம்பு தோலை அரிக்கும், கண்ணுக்குப் பெரும் கேடு. ஆகவே கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்லுங்கள்.

மெருகு பூசாத சுட்ட மண் ஓட்டை ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் மூழ்க வையுங்கள். மறுநாள், கழுவிய பருமணல் இரண்டரைப் பங்கும் சுண்ணாம்புக் களி ஒரு பங்கும் சேர்த்து, தண்ணீர் ஊற்றாமல் கரணையால் அழுத்தி அழுத்திக் குழையுங்கள். தொடக்கத்தில் கலவை வறட்சியாகத் தோன்றினாலும் குழைக்கக் குழைக்க இளகிவரும். அரிச்சோ எனப்படும் இந்த முதற்பூச்சை ஏழெட்டு மில்லிமீட்டர் கனத்தில் பூசி, மணியாசுக் கட்டையால் சமன்செய்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாகவே விட்டுவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள்கள் ஈரத்துணியால் மூடி, பத்து நாள்கள் காயவிடுங்கள். இதில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். அடுத்த பூச்சு அவற்றை மறைத்துவிடும்.

வரையும் நாள்

அந்த நாளை முழுவதும் ஒதுக்கி வையுங்கள். காலையில் எழுந்ததும் முதற்பூச்சின்மேல் தண்ணீரைத் தெளித்து, அது குடிப்பதை நிறுத்தும்வரை நனையுங்கள். பிறகு மெல்லிய மணல் அல்லது பளிங்குத் தூள் ஒன்றரைப் பங்கும் சுண்ணாம்புக் களி ஒரு பங்கும் கலந்த இரண்டாம் பூச்சை, இன்டோனாக்கோவை, மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் பூசி, கரணையின் முதுகால் மெல்ல அழுத்தி வழவழப்பாக்குங்கள். அதிகம் தேய்த்தால் சுண்ணாம்பு மேலே திரண்டு வந்து, பின்னர் வெடிக்கும்.

பெரிய சுவரில் ஓவியர்கள் ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே இந்தப் பூச்சைப் பூசினார்கள். அந்த அளவுக்கு ஜோர்னாத்தா, அதாவது ஒரு நாள் வேலை, என்று பெயர். மேலிருந்து கீழே வந்தார்கள், கீழே முடித்ததன்மேல் சாந்து சொட்டக் கூடாது என்பதற்காக. மாலையில் வரையாமல் எஞ்சிய பூச்சை விளிம்பில் சாய்வாக வெட்டி எறிந்தார்கள். அந்த வெட்டு விளிம்புகளைப் பக்கவாட்டு ஒளியில் பார்த்து எந்தப் பகுதி எப்போது வரையப்பட்டது என்பதை இன்று வரிசைப்படுத்த முடிகிறது. உங்கள் ஓட்டுக்கு ஒரே நாள் போதும்.

பூசியபின் ஒரு மணி நேரம் போல் காத்திருங்கள். விரலை வைத்தால் சாந்து ஒட்டாமல், ஆனால் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருந்தால் நேரம் வந்துவிட்டது. அங்கிருந்து தட்பவெப்பத்தைப் பொறுத்து ஆறு முதல் எட்டு மணி நேரம் உங்களுக்கு இருக்கிறது. முதலில் மேலிருந்து இருபது சென்டிமீட்டரில் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, விரலால் சுண்டி, ஈரச் சாந்தில் நேர்க்கோட்டைப் பதியுங்கள். சாந்தா மரியா நொவெல்லாவில் 1427ஐ ஒட்டி மசாச்சோ வரைந்த திருத்துவ ஓவியத்தின் கட்டடக் கோடுகளும் இப்படி நூலாலும் கூரிய முனையாலும் சாந்தில் கீறப்பட்டவைதான்.

வண்ணங்களில் சுண்ணாம்பைத் தாங்கும் மண் நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண், சுட்ட பழுப்பு மண், கருமைக்குக் கரி. வெண்மைக்குச் சுண்ணாம்பே போதும். செங்காவியை மூன்று கிண்ணங்களில் அடர்த்தி, நடுத்தரம், வெளிர் என்று சுண்ணாம்பு சேர்த்து முன்கூட்டியே கலந்துவையுங்கள். துணி மடிப்புகளை இந்த மூன்று கிண்ணங்களிலிருந்துதான் வரைய வேண்டும் என்று சென்னீனி கற்பிக்கிறார். இடையில் புதிதாகக் கலந்தால் நிறம் பொருந்தாது, ஏனென்றால் ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் வெகுவாக வெளிறிவிடும். ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியின்மேல் தொட்டு வைத்தால், ஈரத்தை அது உடனே உறிஞ்சிக்கொண்டு காய்ந்தபின் வரும் நிறத்தைக் காட்டும்.

மேற்பகுதி முழுவதையும் நடுத்தரச் செந்நிறத்தால் மெல்லியதாக நிரப்புங்கள். செங்குத்தாக மூன்று நான்கு மடிப்புகளை அடர்நிறத்தால் இறக்கி, மடிப்புகளின் மேடுகளை வெளிர் நிறத்தால் எழுப்புங்கள். தூரிகை நீண்ட மயிருடையதாக, தண்ணீர் நிறைந்ததாக இருக்கட்டும். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி தேய்த்தால் சாந்து கிளம்பி வண்ணத்தோடு கலந்து சேறாகிவிடும். ஒரு கோட்டைப் போட்டு, அது உறிஞ்சப்படும்வரை காத்திருந்து, அடுத்ததைப் போடுவதே முறை.

அரைமணி நேரம் கழித்துத் துளைத்தாளை எடுங்கள். நிலம் இப்போது சிவப்பு என்பதால் வெள்ளைப் பொட்டலம்தான் வேண்டும். தாளை ஈரப் பரப்பில் அழுத்தாமல், இரு மேல் மூலைகளிலும் பிடித்து, தொட்டும் தொடாமலும் நிறுத்தி, பொட்டலத்தால் மெல்லத் தட்டுங்கள். தாளை எடுத்ததும் சிவப்பின்மேல் புள்ளி புள்ளியாக ஒரு மாதுளை தெரியும். முதல் வரிசை முடிந்ததும் அடுத்த வரிசையைப் பாதி அகலம் தள்ளிப் பதியுங்கள், செங்கல் கட்டில் இணைப்பு தள்ளி வருவதுபோல. பட்டு நெசவில் அந்த வடிவம் அப்படித்தான் அமைகிறது.

இங்கே ஒரு முடிவை நீங்கள் எடுக்க வேண்டும். வடிவத்தைத் தட்டையாக மடிப்புகளுக்குக் குறுக்கே அப்படியே ஓடவிடலாம். பழைய ஓவியங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது, துணி ஒரு பலகைபோல மின்னும். அல்லது ஒவ்வொரு மடிப்பின் பள்ளத்திலும் தாளைச் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பதிக்கலாம். அப்போது மாதுளையின் ஒரு பகுதி மடிப்புக்குள் மறைந்து துணி கனம் பெறும். இரண்டாவதையே நான் விரும்புகிறேன். ஆனால் எந்தத் தேவாலயத்திலும் ஒரு வரைந்த துணியைப் பார்க்கும்போது, ஓவியர் இவற்றில் எதைச் செய்தார் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். அவர் துளைத்தாளை நம்பினாரா, எதிரே தொங்கிய உண்மையான துணியைப் பார்த்தாரா என்பது அதில் தெரிந்துவிடும். ஃபுளோரன்ஸின் ஒன்யிசாந்தி மடத்தில் 1480இல் கிர்லாந்தாயோ வரைந்த இறுதி இராவுணவில், மேசை விரிப்பின் ஓரத்தில் வரும் நீலப் பூவேலை அந்தக் காலத்துப் பெருஜா நகரத் துணிகளையே ஒத்திருக்கிறது.

புள்ளிகளை மெல்லிய தூரிகையால் மஞ்சள் காவியில் இணையுங்கள். பள்ளங்களில் மஞ்சளோடு சிறிது பழுப்பு, மேடுகளில் சிறிது சுண்ணாம்பு. தூரிகை இழுபடத் தொடங்கி, வண்ணம் உள்ளே போகாமல் மேலேயே நிற்பதாகத் தோன்றினால் சாந்து மூடிக்கொண்டது என்று பொருள். அப்போது நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் வைக்கும் வண்ணம் பின்னர் தூளாக உதிரும்.

அடியில் பளிங்கு

மேல்பகுதி முடியும் நேரத்தில் கீழ்ப்பகுதி இன்னும் ஈரமாக இருக்கும். இருக்கும்படி ஈரத்துணியால் மூடி வைத்திருங்கள். பளிங்கு வரைவதற்கு அரை மணி நேரம் போதும், ஏனென்றால் அதில் தூரிகையைவிடத் தற்செயல்தான் அதிகம் வேலை செய்கிறது. வெளிர் மஞ்சளைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே சிவப்பும் பச்சையும் கலந்த தண்ணீர் நிறத்தைத் தூரிகையிலிருந்து உதறித் தெளியுங்கள். துளிகள் பரவி ஓயும்போது ஒன்றிரண்டை மட்டும் நரம்புக் கோடுகளாக இழுத்துவிடுங்கள். ஃபுளோரன்ஸின் சான் மார்க்கோ மடத்தில் ஃபிரா அஞ்செலிக்கோ வரைந்த, நிழல்களின் மாதா என்று அழைக்கப்படும் ஓவியத்தின்கீழ் நான்கு பளிங்குக் கட்டங்கள் உள்ளன. அவை இப்படித் தெளித்த வண்ணங்களால் ஆனவை. அந்த நிதானமான ஓவியரின் கை அவ்வளவு சுதந்திரமாக இயங்கிய இடம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. அதே நகரின் சாந்தா அப்பொல்லோனியா மடத்தில் 1447இல் அந்திரேயா தெல் கஸ்தாஞோ வரைந்த இறுதி இராவுணவில், மேசைக்குப் பின்னுள்ள பளிங்குப் பலகைகளில் ஒன்று மின்னல் வெட்டியதுபோலக் கொந்தளிக்கிறது. அது இயேசுவும் யூதாசும் பேதுருவும் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. அலங்காரமே கதையைச் சொல்லும் இடம் அது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி, பதுவா நகரின் அரேனா சிற்றாலயத்தில் 1305ஐ ஒட்டி ஜோத்தோ வரைந்த அடிச்சுவர். பளிங்குப் பலகைகளுக்கு இடையே நற்பண்புகளும் தீயபண்புகளும் கற்சிலைகள்போலச் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. மேலே காட்சிகளைப் பிரிக்கும் பட்டைகள், கல்லும் கண்ணாடியும் பதித்த வேலைகளைப் பின்பற்றுகின்றன.

காய்ந்த பின் தங்கம்

ஓட்டை வெயிலும் காற்றும் நேரடியாகப் படாத இடத்தில் மூன்று வாரம் வையுங்கள். அதன்பிறகே செக்கோ, அதாவது உலர்ந்தபின் செய்யும் வேலை. நீலம் வேண்டுமென்றால் அதையும் இப்போது முட்டை மஞ்சள் கருவில் குழைத்துப் பூச வேண்டும். அசுரைட் என்ற நீலக் கல்லின் தூள் ஈரச் சுண்ணாம்பில் நிலைப்பதில்லை என்பதால் ஜோத்தோவின் காலத்திலிருந்தே அப்படித்தான் செய்தார்கள். பல தேவாலயங்களில் மரியாளின் மேலாடை உதிர்ந்து அடிநிறம் தெரிவதற்கு அதுவே காரணம்.

தங்கத்துக்கு, மாதுளையின் நடு விதைகளில் மட்டும் எண்ணெய்ப் பசையைச் சிறு தூரிகையால் புள்ளியாக வையுங்கள். விரல் முட்டியால் தொட்டால் ஒட்டாமல், ஆனால் மெல்லிய இழுப்பு தெரியும் நிலை வரும்வரை காத்திருந்து, தங்க ரேக்கைப் படியவைத்துப் பஞ்சால் ஒற்றுங்கள். மறுநாள் மென்தூரிகையால் எஞ்சியதைத் துடைத்தால் பசை இருந்த இடத்தில் மட்டும் தங்கம் நிற்கும்.

கொஞ்சம் துணிவு இருந்தால், பசைக்கு முன்னால் சுண்ணத்தூளையும் விலங்குப் பசையையும் குழைத்த கூழை அதே இடங்களில் துளித்துளியாக வைத்து மேடாக்கிக்கொள்ளுங்கள். மோன்சா பேராலயத்தின் தெயோதோலிந்தா சிற்றாலயத்தில் 1440களில் சவத்தாரி குடும்பத்தினர் செய்த சுவர்களில் ஆடைகளும் குதிரைச் சேணங்களும் இப்படிப் புடைத்தெழுந்து மின்னுகின்றன. அது ஓவியமா, பொன்வேலையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வத்திக்கானின் போர்ஜா அறைகளில் 1492–94இல் பின்துரிக்கியோவும் அவ்வாறே செய்தார். வசாரி அதைக் குறையாக எழுதினார்: தட்டையான சுவரில் தூரம் காட்ட வேண்டிய ஓவியர், பொருளை உண்மையாகவே மேடாக்கினால் தொலைநோக்கு குலைந்துவிடும் என்பது அவருடைய வாதம். வாதம் சரிதான். ஆனால் மெழுகுவர்த்தியின் அசையும் ஒளியில் அந்தப் புடைப்புகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைவதற்காகச் செய்யப்பட்டவை என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

தங்கம் ஒட்டிய ஓட்டின்மேல் வார்னிஷ் எதையும் பூச வேண்டாம். சுண்ணாம்பு இன்னும் பல மாதங்கள் காற்றை உள்ளிழுத்து இறுகிக்கொண்டே இருக்கும், அதை அடைக்கக் கூடாது. ஓட்டின் பின்புறம் பூசிய தேதியையும் கலவை அளவையும் எழுதிவையுங்கள். பிறகு இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மெழுகுவர்த்தியையோ சிறு கைவிளக்கையோ ஓட்டின் பக்கவாட்டிலிருந்து, பரப்போடு ஒட்டி ஒளி விழும்படி பிடித்துப் பாருங்கள். நூல் சுண்டிய கோடு ஒரு மெல்லிய வாய்க்காலாகத் தெரியும். கரணை நின்ற இடம் தெரியும். மஞ்சள் காவி மெல்லியதாக விழுந்த இடங்களில், நீங்கள் தட்டிய வெள்ளைப் புள்ளிகளில் சில மாதுளையின் விளிம்பைச் சுற்றி இன்னும் வரிசையாக நின்றுகொண்டிருக்கும்.